மஞ்சள் சீட்டு கட்டிய காசு

அண்ணாத்தே,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வந்து உங்களிடம் வத்தி வைப்பதற்குள் நானே சொல்வது நல்லது. நீங்கள் போயிருக்கும் இடத்துக்கும் நம் ஆவடிக் கோவில்பதாகைச் செய்தி எட்டாமல் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறாம் ஜார்ஜ் காலத்து ஓட்டைக் காலணா என்று பத்து நிமிடம் பிரசங்கம் செய்துவிட்டேன்.

மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தது என் தப்பு. அதே ஜெராக்ஸ் கடை வாசல், அதே பிளாஸ்டிக் மேசை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திட்டாதீர்கள், என் நாற்காலிக்குக் கால் உடைந்துவிட்டது. பிளம்பர் ஒருவர் வந்தார். சட்டைப்பையில் கையை விட்டு, செம்பு நிறத்தில், வட்டமாய், நடுவில் ஓட்டையோடு ஒன்றை மேசைமேல் டக்கென்று வைத்தார். அவ்வளவுதான், எனக்கு உங்கள் குரல் வந்துவிட்டது. "யுத்த காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள். மேலே கிரீடம் இருந்திருக்கும், தேய்ந்துவிட்டது. பின்னால் ஓட்டையைச் சுற்றி மாலை மாதிரி இலை இருந்திருக்கும், அதுவும் தேய்ந்துவிட்டது. பரவாயில்லை, வயசானால் எல்லாருக்கும் தேய்வதுதான்."

பிளம்பர் இன்னமும் பையைத் துழாவிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, அது கொயா வாஷரு. கைக்குத் தடங்கலா கீதேன்னு எட்த்து வெச்சேன். காசு இன்னும் ஜோப்புலதான் கீது."

பக்கத்துப் பூக்காரம்மா கட்டிக்கொண்டிருந்த முல்லையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் வியாபாரம் நன்றாக நடந்ததாம், வந்தவர்களுக்கெல்லாம் பூவோடு இந்தக் கதையும் கொடுத்தாளாம். பிளம்பர் நல்ல மனுஷர். போகும்போது, "நீயே வெச்சிக்கோ நைனா, ராஜா காலத்து வாஷராச்சே" என்று அதை என்னிடமே விட்டுப் போனார்.

இந்தத் தாள் பறக்காமல் இருக்க இப்போது அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். கொஞ்சம் முன்பு எடுத்து மோந்து பார்த்தேன். கையில் வெகுநேரம் இருந்த செம்பின் வாசனை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நீங்கள் மசால்வடையை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் நீட்டுவீர்களே, அந்த வடையில் வரும் வாசனை. ஒன்பது வருடம் நான் விக்டோரியா ராணியைத் தொட்டுக்கொண்டுதான் வடை தின்றிருக்கிறேன். இப்போது முழு வடை கிடைக்கிறது. ருசியில்லை.

உங்களைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் குழம்புவார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறி, முப்பது வருடம் இன்ஸ்பெக்ஷனில் வேலை பார்த்தும் "வே"யை விடாதவர். வாரத்தில் ஆறு நாள் இரும்பை அளந்தீர்கள். ஏழாம் நாள் ஓய்வெடுக்கத் தெரியாமல், மூடிக்கிடக்கும் ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு அடுத்தவர் வீட்டுப் பழைய காசை அளந்தீர்கள். மேசைமேல் ஒரு பூதக்கண்ணாடி, தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்று, ஒரு காந்தம், தட்டான் கடைத் தராசு மாதிரி சின்னதாய் ஒரு எலெக்ட்ரானிக் தராசு. சுவரில் ஓர் அட்டை:

பழைய பிரிட்டிஷ் காசு பார்த்துச் சொல்லப்படும். இலவசம். புளி போட்டுத் தேய்க்காதீர்.

அந்தக் கடைசி வரியை ஒருவரும் மதித்ததில்லை. காசு பார்க்கும் இடத்துக்குக் காசை அழுக்காகக் கொண்டுபோவதாவது! பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணுக்கு முகம் கழுவிவிட மாட்டார்களா? முந்தின நாள் ராத்திரியே புளி, சாம்பல், எலுமிச்சம்பழம், பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் போட்டு ஒரு வழி பண்ணிக்கொண்டுதான் வருவார்கள். சேலைத் தலைப்பில் முடிந்து ஓர் அம்மா 1862-ஆம் வருட வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தாளே, நினைவிருக்கிறதா? விக்டோரியா ராணி, பேரரசிப் பட்டம் சூட்டிக்கொள்வதற்கு முந்தைய காசு. எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

"புளியப் போட்டுட்டீங்களே தாயி!"

"பின்ன? பளபளன்னு இர்ந்தாதானே சார் நல்ல வெல வரும்?"

"நூத்தம்பது வருசமா அதும்மேல படிஞ்ச கறுப்புதாம்மா வெல. அதத்தான் வழிச்சு ஊத்திட்டீங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா சார் இவுரு, அய்க்குக்கு வெலன்றாரு. எங்கூட்ல பரண் மேல நெறைய கீது, எடுத்தாறட்டா?"

அழ இருந்தவளைச் சிரிக்கவைத்து அனுப்பினோம். வெள்ளிக்கு உள்ள மதிப்பு எங்கும் போகாது, பதினொன்றரை கிராமுக்கு மேல் நல்ல வெள்ளி என்று எடை போட்டுக் காட்டினீர்கள். அதுதான் நம் ஏற்பாடு. உண்மையைச் சொல்வது உங்கள் வேலை, அதற்குப் பிறகு சொன்னவரை அடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒரே ரூபாய்க்குப் பாகப்பிரிவினை கேட்ட அண்ணன் தம்பி கதையை நான் குறைந்தது மூன்று பத்திரிகைகளுக்கு விற்றுவிட்டேன். அப்பா வைத்துவிட்டுப் போன புலி போட்ட ரூபாய். வெள்ளி என்று அண்ணன் காலையில் ரகசியமாய்க் கொண்டுவந்தான், அரை மணி கழித்துத் தம்பி வந்து, "எங்கண்ணன் வந்துகினு போனானா?" என்றான். போன அண்ணனைக் காசோடு திரும்ப வரவழைத்து, இருவரையும் உட்காரவைத்துக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனீர்கள். புலி துள்ளிவந்து ஒட்டிக்கொண்டது. "நாப்பத்தேழு. வெள்ளியெல்லாம் தீந்துபோச்சு, நிக்கலு. இதுக்குப் போயி ஏம்வே பேசாம கெடக்கீங்க?" என்றீர்கள். இருவரும் ஒரே பைக்கில் திரும்பிப் போனார்கள். அண்ணன் ஓட்ட, தம்பி பின்னால். வரும்போது இரண்டு பைக். இன்னொரு பைக்கை என்ன செய்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலைப் பழக்கத்தை நீங்கள் மேசையிலும் விடவில்லை. பழைய ஃபைல் அட்டையை வெட்டி மூன்று நிறத்தில் சீட்டு வைத்திருப்பீர்கள். நல்ல காசு என்றால் பச்சை, போலி என்றால் சிவப்பு. உரியவர் கையில் அப்போதே கொடுத்துவிடுவீர்கள். சந்தேகம் இருந்தால் மஞ்சள். மஞ்சள் கட்டியது உங்களிடமே இருக்கும், அடுத்த ஞாயிறு வந்து கேட்கவேண்டும்.

"ஃபாக்டரியிலயும் இப்படித்தானா அண்ணாத்தே?" என்று கேட்டேன்.

"ஆமாவே. சிவப்பு கட்டுனா அன்னைக்கே ஸ்கிராப் யார்டுக்குப் போயிரும். மஞ்சள் கட்டுனா நம்ம ரூம விட்டு வெளிய போகாது. ஒரு சாமானுக்கு ஒரு சீட்டுதான். ரெண்டு கட்டுனா இன்ஸ்பெக்டருக்கே சீட்டக் கிழிக்கணும்."

இதை நான் அப்போது ஒரு காதில் வாங்கினேன். என் கவலையெல்லாம் என் காசைப் பற்றி. நான் முதல்முதலாக அந்த மேசைக்கு வந்ததே அந்தக் காசோடுதானே.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த தரகர் தன் பேத்திக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார். நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் பிழைப்பு. எழுதியதை உரக்கப் படித்து நானே சிரித்தால், கீழ்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். மற்ற நாள்களை எப்படியோ தள்ளிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஆகாது. தெரு முழுக்கக் கறிக்குழம்பு கொதிக்கும், என் அடுப்பில் ரவை கிண்டிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறுதான் உங்கள் எதிரில் உட்கார்ந்து, ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகம் போட்ட அரையணாவை நீட்டினேன். கூடவே கதையும். அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. கொள்ளுத்தாத்தா பூந்தமல்லிப் பட்டாளத் தண்டில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சமையல்காரர். துரை கப்பலேறும்போது கண்ணில் தண்ணீரோடு கொடுத்தது.

நீங்கள் காசை இரண்டு தரம் திருப்பினீர்கள். வெர்னியரைத் தொடவில்லை. தராசைத் தொடவில்லை. என்னையே பார்த்தீர்கள்.

"தொரைக்கு என்னவே பிடிக்கும்?"

"மீன் குழம்பு."

"காரமாவா?"

"அழுதுகினே சாப்புடுவாராம்."

மஞ்சள் சீட்டை எடுத்தீர்கள். "பாக்கணும்வே. அடுத்த ஞாயிறு வாரும்."

வந்தேன். அடுத்த ஞாயிறும் "பாக்கணும்வே". அதற்கடுத்ததும். மற்றவர்கள் கொண்டுவந்த ராமர் காசுகளுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. வாட்ஸப்பில் இரண்டு லட்சம் என்று பார்த்துவிட்டு, ஐயப்பன்தாங்கலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவரிடம் எவ்வளவு சுருக்காகச் சொன்னீர்கள்: "கோபுரம் போட்டு வராகன் அடிச்சிருக்கான் கம்பெனிக்காரன். ராமர் பட்டாபிசேகம் போட்டு அரையணா அடிக்கவே இல்லய்யா. இது நேத்து அச்சு." சிவப்பு. அவர் அதே ஆட்டோவில் திரும்பினார். நான் பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தேன். என் காசும் அதே முகஜாடைதான். ஆனாலும் என் காசு மட்டும் மஞ்சள் சீட்டோடு, ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் காக்கிப் பையிலிருந்து வெளியே வந்து மேசை ஓரத்தில் உட்காரும்.

"இன்னா அண்ணாத்தே, நம்ம கேசு இன்னாச்சி?"

"பாத்துக்கிட்டிருக்கேன்வே. அன்னைக்கு உம்ம தாத்தா கோவிச்சுக்கிட்டுப் போனாருன்னீரே, தொரை என்ன பண்ணினாரு?"

நான் சொல்வேன். ஒன்பது வருடம் சொன்னேன். உங்களுக்குத் தெரிகிறதா, தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறீர்களா, என்னை ஏமாளி என்று பரிதாபப்படுகிறீர்களா? இந்தக் கேள்வி திங்கள் முதல் சனிவரை என்னோடு இருக்கும். ஞாயிறு காலை வந்ததும் மறந்துபோகும். போலி என்று நீங்கள் சொல்லிவிட்டால் காசை வாங்கிக்கொண்டு எழுந்துபோக வேண்டியதுதானே? அதனால் நானும் அழுத்திக் கேட்கவில்லை.

உங்களுக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தபோது ஒரு ஞாயிறு நீங்கள் வரவில்லை.

மேசையைப் போட்டேன். அட்டையை மாட்டினேன். ஒரு மணி நேரம் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பொழுதுபோகாமல் எதிர்ச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். தொங்கு மீசையும் தூக்கி வாரிய கிராப்புமாய் ஒருவர். "யாரும்மா இது, நாடகத்துல திருடன் வேஷம் கட்டுனவரா?" என்று பூக்காரம்மாவிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னா சார் வெளாட்டு இது? உன் சினேகிதருதானே" என்றாள்.

இருபது வருடத்துக்கு முந்தைய போட்டோ. உங்கள் முழுப்பெயரை அந்த போஸ்டரில்தான் முதல்முதலாகப் படித்தேன். வியாழக்கிழமையே எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? உங்கள் வீட்டில் என் எண் கிடையாது. உங்கள் வீடு குவார்ட்டர்ஸில் எந்த வரிசை என்றுகூட எனக்குத் தெரியாது. நாம் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். மேசையை மடக்கினேன், திரும்பப் போட்டேன், திரும்ப மடக்கினேன். வடை வாங்கினேன். பாதியைப் பிய்த்துவிட்டு யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு காக்காய் வந்து முடிவு செய்யும்வரை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, கையில் உங்கள் காக்கிப் பையோடு ஓர் அம்மா வந்து நின்றார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகிறார்களாம். அண்ணியை நான் பார்த்த முதல் நாளும் கடைசி நாளும் அதுதான்.

"நீங்கதானா அந்தக் கத சொல்லுத தம்பி?"

"காசு பாக்குற தம்பி, அண்ணி."

"காசு அவுக பாப்பாக. நீங்க கதல்லா சொல்லுவீங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் சோறு திங்கும்போது பூராக் கதையும் எனக்கு வந்துரும். அந்தத் தொர நெசமாவே மாட்டு வண்டியக் கட்டிக்கிட்டுத் திருமழிசைக்கு உங்க தாத்தாவத் தேடிப் போனாரா?"

அண்ணாத்தே, நான் உண்மை சொல்லியிருக்கலாம். அதற்கு அதைவிட நல்ல சமயம் வராது. அண்ணியின் கண் வீங்கியிருந்தது. ஆனால் கேட்கும்போது உதட்டோரம் சிரிப்பு வரத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

"நெசந்தான் அண்ணி. போற வழியில மாடு படுத்துக்கிச்சி."

அண்ணி சிரித்தார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்கள். கடைசியில் அது சிரிப்பாக இல்லை. பையை என் மேசைமேல் வைத்துவிட்டு, "அவுக சாமானெல்லாம் இதுல இருக்கு. உங்க காசும் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பையை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். என் காசின் காகித உறையில் மஞ்சள் சீட்டு ஒன்றல்ல, ஒரு கொத்து. ஒன்றன்மேல் ஒன்றாக நூலில் கோத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பொடி எழுத்து. காசின் அளவு, எடை என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"துரைக்கு வலது கை இல்லை. சண்டையில் போனது."

"துரை இரண்டு கையாலும் நண்டு உடைத்தார். (கை எப்போது முளைத்தது?)"

"துரை மனைவி மேரி."

"துரை மனைவி எலிசபெத். (மேரி என்ன ஆனாள்? கேட்கவேண்டும்.)"

"மாட்டு வண்டி. வீட்டில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்."

என் பொய்களை இன்ஸ்பெக்ஷன் பண்ணியிருக்கிறீர்கள்! ஒன்பது வருடம்! ஒரு நாளாவது "போன வாரம் ஒன்று சொன்னீரே" என்று பிடித்திருக்கிறீர்களா? மேரியைப் பற்றிக் கேட்டிருந்தால் நானும் அவளைக் காலராவில் கொன்று மரியாதையாக அடக்கம் செய்திருப்பேன்.

கொத்தின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, காசோடு ஒட்டி ஒரு சிவப்புச் சீட்டு. நான் முதல்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. "பித்தளை. போலி." அவ்வளவுதான். அன்றைக்கே முடித்துவிட்டிருக்கிறீர்கள். அதன்மேல் மஞ்சளைக் கட்டி மறைத்திருக்கிறீர்கள். ஒரு சாமானுக்கு ஒரு சீட்டுதான் என்று எனக்குப் பாடம் சொன்ன ஆள்.

மேலே கடைசியாக இருந்த மஞ்சள் சீட்டில், நீங்கள் போவதற்கு முந்தின ஞாயிற்றின் தேதி போட்டு ஒரே வரி: "துரை ஊருக்குப் போய்க் கடிதம் எழுதினாரா? கேட்கவேண்டும்."

கேட்காமல் போய்விட்டீர்கள்.

இப்போதும் ஞாயிறானால் மேசை போடுகிறேன். எனக்கு விக்டோரியாவுக்கும் எட்வர்டுக்கும் தாடியை வைத்துத்தான் வித்தியாசம் தெரியும். விலை சுத்தமாகத் தெரியாது. அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் மஞ்சள் கட்டுகிறேன். "அடுத்த ஞாயிறு வாங்க." பாதிப்பேர் காசை என்னிடம் விடாமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள், திரும்ப வருவதில்லை. அந்த பிளம்பரின் காசுக்கும் மஞ்சள்தான். வாஷருக்கும் ஒன்று கட்டியிருக்கிறேன். "சர்தான் நைனா, வர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். யாருடைய காசு அது என்று கேட்டேன். அவருடைய மாமனாருடையதாம். "அந்தாளு ஒரு டைப்பு நைனா, அப்பால சொல்றேன்" என்றார். அதைக் கேட்க ஆவலாகத்தான் இருக்கிறது. ஒரு சின்ன நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் சீட்டுக் கொத்தோடு என் காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். துணி தோய்க்கும்போது மட்டும் வெளியே எடுப்பேன். புளி போடவில்லை.

துரை கடிதம் எழுதினார், அண்ணாத்தே. ஊர் போய்ச் சேர்ந்த வாரமே எழுதினார். அங்கே மழை விடவே இல்லையாம். மீன் கிடைக்கிறதாம், குழம்பு வைக்க ஆள் இல்லையாம். சாப்பிடும்போது பக்கத்தில் யாரும் பேசுவதில்லை என்பதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறதாம். இடது கையால் எழுதியதால் எழுத்து கோணலாக இருந்ததாம்.

இன்னும் ஒன்று. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும்தான் இருந்தன. மூன்று ஞாயிறு தெருமுனையிலிருந்து உங்கள் மேசையைப் பார்த்தேன், காசு இல்லாமல் வந்து உட்கார வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நடைபாதையில் துண்டு விரித்து விற்றவனிடம் அந்த ராமரை வாங்கினேன். தனியாகத் தரமாட்டேன், ஜோடியாகத்தான் விற்பேன் என்றான். இன்னொன்று என் வீட்டு மேசை டிராயரில் இருக்கிறது.